சொல்லிக் கொடுத்தோமா?

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் என்பதே இல்லை” என்னும் குறையைக் கேட்காத நாள் இல்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால் இதே பேச்சு. நிக்காஹ் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போதும் இதே பேச்சு. எழுப்பினால் எழுவதில்லை. கழற்றிய செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரிவதில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு ஸலாம் சொல்ல நாவு எழுவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பற்றியே இந்தக் குறை அதிகம். சின்னப் பிள்ளை என்று விட்டுவிடவும் முடியாத, பெரியவன் என்று பொறுப்பை ஒப்படைக்கவும் முடியாத வயது அது.

குறை உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் எதிர்பார்க்கும் இந்த ஒழுங்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? சொல்லிக் கொடுக்காத ஒன்றுக்காக ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்த நமக்கு உரிமை உண்டா?

இது கிதாபைப் புரட்டும்போது எனக்குத் தோன்றிய கேள்வியன்று. ஒரு பிள்ளையின் கண்ணீர் என்னைக் கேட்க வைத்த கேள்வி.

ஓடி வந்த பிள்ளை

நான் ஓதிக் கொடுக்கும் மக்தபில் அஸருக்குப் பின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். மஃரிபு பாங்கு வரை ஓதுவார்கள். பாங்கு சொன்னதும் ஒளுச் செய்துகொண்டு ஜமாஅத்தில் சேர வேண்டும். மஃரிபுக்கு நேரம் குறைவு. பிள்ளைகளோ பாங்கு முடிந்த பிறகும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நான் கண்டிப்பாகச் சொன்னேன்: “பாங்கு காதில் விழுந்தால் அடுத்த நிமிடம் ஹவுளில் நிற்க வேண்டும். ஓடி வர வேண்டும்.”

அந்த வாரம்தான் வேறு ஊரிலிருந்து குடிவந்த குடும்பத்தின் பிள்ளை ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. மறுநாள் பாங்கு கேட்டதும் எல்லோருக்கும் முன்னதாக எழுந்து ஓடினான். அவன் ஓதிக்கொண்டிருந்த ஜுஸ்வு, விரித்தபடியே பாயில் கவிழ்ந்து கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொழுகை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் அவனை எழுப்பி நிறுத்தி, “அல்லாஹ்வின் கலாமை இப்படியா போட்டுவிட்டுப் போவாய்? உன் வீட்டில் இதைத்தான் கற்றுக் கொடுத்தார்களா?” என்று கேட்டேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. கண்ணில் மட்டும் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அத்தா வெளியூரில் வேலை. பாட்டனார்தான் இருந்தார். மரியாதையாக உட்கார வைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஹஜ்ரத், தப்பா எடுத்துக்கக் கூடாது. பையன் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்றான். ‘ஹஜ்ரத்துதான் ஓடி வரணும்னு சொன்னாங்க. அதான் ஓடினேன்’கிறான்.”

எனக்குத் தலை குனிந்தது. நான் சொன்ன ஒரே விதியை, சொன்னபடி நிறைவேற்றிய பிள்ளை அவன் ஒருவன்தான். ஜுஸ்வை மூடி, பலகையோடு அலமாரியில் வைத்துவிட்டு, அதன் பிறகு எழ வேண்டும் என்று நான் சொன்னதே இல்லை. பழைய பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தெரிந்துகொண்டிருந்தார்கள். புதிய பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கும் அந்த ஹதீஸை ஓதிக் கொடுக்கிற நானே “ஓடி வர வேண்டும்” என்று ஏவியிருந்தேன். அன்று பிழை செய்தவன் யார்? தண்டனை பெற்றவன் யார்?

அல்லாஹ் நடந்துகொண்ட விதம்

அன்றிரவு திருமறையின் ஒரு வசனம் மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு தூதரை அனுப்பாத வரையில் எவரையும் வேதனை செய்வதில்லை என்று அல்லாஹ் அறிவிக்கிறான் (17:15). எல்லாவற்றையும் படைத்தவன், எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவன், அவனே அறிவிக்காமல் பிடிப்பதில்லை என்று தன் நீதியை வைத்திருக்கிறான். அவனுடைய அடியார்களாகிய நாம், அறிவிக்காமலே பிடிக்கிறோம்.

அறிவித்தல் என்பதும் ஒரு சொல்லோடு முடிந்துவிடவில்லை. தொழுகை மிஃராஜ் இரவில் கடமையாக்கப்பட்டது. அதன் நேரங்களைக் கற்பிக்க ஜிப்ரீல் (அலை) அவர்கள் இறங்கி வந்து, இரண்டு நாட்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இமாமாக நின்று தொழுவித்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு நேரத்தின் தொடக்கத்தில். மறுநாள் பெரும்பாலும் அதன் இறுதியில். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதே நேரம் என்று காட்டிச் சென்றார்கள் (அபூதாவூத், திர்மிதீ). மக்களிலே மேலான அறிவு வழங்கப்பட்டவர்களுக்கே அன்றாட ஒழுங்கு வாயால் மட்டும் சொல்லப்படவில்லை, செய்து காட்டப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு முறை அதட்டினால் போதும் என்று நாம் நினைக்கிறோம்!

அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அப்படியே கற்பித்தார்கள். மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களை ஒத்த வயதுடைய வாலிபர்கள் சிலரும் மதீனா வந்து இருபது நாட்கள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்து, உங்கள் குடும்பத்தாரிடம் போய் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், என்னை எப்படித் தொழக் கண்டீர்களோ அப்படியே தொழுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள் (புகாரீ). இருபது நாட்கள் பார்க்க விட்டார்கள். அதன் பிறகே “கண்டபடி செய்யுங்கள்” என்னும் கட்டளை.

இஸ்லாத்துக்குப் புதியவரான முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், தொழுகையில் நிற்கும்போதே தும்மியவருக்குத் துஆச் செய்து பேசிவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள், தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலுமே என்று விளக்கினார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் அவர்களைவிடச் சிறந்த ஓர் ஆசிரியரைத் தாம் கண்டதில்லை. தம்மை அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை என்று அந்தச் சஹாபியே அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). முறைத்தவர்களிடமிருந்து அவர் கற்றது ஒன்றுமில்லை. விளக்கியவரிடமிருந்து கற்றதை நமக்கும் விட்டுச் சென்றார்.

இரண்டு வசனங்களுக்கு நடுவில்

பிள்ளைகளின் அன்றாட நடைமுறையைத் திருமறை நேரடியாகவே பேசுகிற இடம் ஒன்று உண்டு. சூரத்துந் நூரின் 58-ஆம் வசனம் அது. பருவமடையாத பிள்ளைகள் சுப்ஹுக்கு முன், நண்பகலில் உடை களைந்திருக்கும் நேரம், இஷாவுக்குப் பின் என்று மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. மற்ற நேரங்களில் தாராளமாக வந்து போகலாம். அடுத்த வசனமோ, பருவமடைந்துவிட்டால் எல்லா நேரங்களிலும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது.

இதில் இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, செய்ய வேண்டியவர்கள் பிள்ளைகள். ஆனால் அழைத்துப் பேசப்படுகிறவர்கள் ஈமான் கொண்ட பெரியவர்கள். ஒழுங்கு பிள்ளையுடையது, பொறுப்பு நம்முடையது என்பது வசனத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது, கடமை வருமுன்னே பயிற்சி வந்துவிடுகிறது. அதுவும் எல்லா நேரத்துக்கும் அன்று, மூன்றே வேளைக்கு. எந்தெந்த வேளை என்றும் எண்ணிச் சொல்லப்படுகிறது. அவை உங்கள் மறைவுக்குரிய நேரங்கள் என்று காரணமும் சொல்லப்படுகிறது. கொஞ்சமாக, தெளிவாக, காரணத்தோடு, முன்கூட்டியே! தர்பியத் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

நம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளை இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில்தான் நிற்கிறான். நேற்று வரை தெரியாத பிள்ளை. நாளை கேள்விக் கணக்குள்ள முகல்லஃப். இந்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவனுக்குக் கிடைத்திருப்பது கற்றுக்கொள்ளத்தான். அதை நாம் ஏசுவதிலேயே செலவழித்துவிட்டால், கடமை வந்து நிற்கும் நாளில் அவன் கையில் என்ன இருக்கும்?

பழக்கம் இபாதத் ஆகுமா?

“ஹஜ்ரத், மணி அடித்தால் எழுவதும், வரிசையில் நிற்பதும் இயந்திரத்தின் வேலையல்லவா? செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்பதுதானே ஹதீஸ்? உள்ளம் சேராத பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் புகட்ட வேண்டும்?” என்று படித்த நண்பர் ஒருவர் கேட்டார். எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று இது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில், நப்ஸைப் பயிற்றுவிக்கும் பகுதியில் இதற்கு வழி காட்டுகிறார்கள். அழகாக எழுதக் கற்பவன், தேர்ந்த எழுத்தாளனின் எழுத்தைப் பார்த்து முதலில் சிரமப்பட்டுத்தான் எழுதுகிறான். எழுத எழுத அது அவனுடைய இயல்பாகிவிடுகிறது. கைப்பழக்கம் உள்ளத்தின் தன்மையாக மாறுகிறது. நற்குணங்களும் அப்படியே வருகின்றன என்பது அவர்களின் கருத்து. உள்ளம் பக்குவமான பிறகே உறுப்புகள் அசைய வேண்டும் என்று காத்திருந்தால், உலகில் ஒருவனும் தொழுகையாளி ஆகியிருக்க மாட்டான்.

நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுவயதில் உண்ணும்போது, கை தட்டு முழுவதும் சுற்றி வரும். பிஸ்மில்லாஹ் சொல், வலக் கையால் சாப்பிடு, உனக்கு அருகில் உள்ளதைச் சாப்பிடு என்று மூன்று செய்திகளை மட்டும் அண்ணலார் சொன்னார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவர்கள் பிற்காலத்தில் அறிவிக்கிறார்கள் (புகாரீ). அந்தப் பழக்கம் இயந்திரமாகவா இருந்தது? கற்றுக் கொடுத்தவர் மீதுள்ள அன்பையும் சேர்த்தல்லவா அது சுமந்து வந்தது!

ஆகவே பழக்கம் நிய்யத்துக்குப் பகையன்று. நிய்யத் வந்து குடியிருக்கக் கட்டும் வீடு. வீட்டைப் பிள்ளைக்காக நாம் கட்டிக் கொடுக்கலாம். அதில் விளக்கேற்ற அவன்தான் வர வேண்டும்.

பழக்கத்தை உண்மையில் கெடுப்பது வேறொன்று. முனாபிகீன்கள் தொழுகைக்குச் சோம்பலாக எழுவதையும், மனிதர்களுக்குக் காட்டவே தொழுவதையும் திருமறை பழிக்கிறது (4:142). நாலு பேர் நடுவில் வெட்கப்படுத்தி ஒழுங்கைப் புகட்டும்போது பிள்ளை எதைக் கற்கிறான்? அல்லாஹ் பார்க்கிறான் என்பதையன்று; நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதையே. ஹஜ்ரத் திரும்பினால் ஒழுங்கும் திரும்பிவிடுகிறது. தீனின் பெயரால் முகஸ்துதியைப் பாடமாக நடத்திவிட்டு, பிள்ளைகளிடம் இக்லாஸ் இல்லையே என்று வருந்துகிறோம். அன்று என் மக்தபில் நான் நடத்தியதும் அந்தப் பாடத்தைத்தான்.

பத்து வயதும் பிரம்பும்

இவ்விடத்தில் சிலர் ஒரு ஹதீஸை நினைவூட்டுவார்கள். ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவுங்கள், பத்து வயதில் அடியுங்கள் என்று வந்திருக்கிறதே என்பார்கள். ஆம், அபூதாவூதில் அது இருக்கிறது. ஆனால் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் உள்ள மூன்று ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்த்தோமா? பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாள். நாளுக்கு ஐந்து வக்து. மூன்று ஆண்டில் 5,310 தொழுகைகள்! அத்தனை முறை அன்போடு எழுப்பி, அழைத்து, உடன் நிறுத்திக்கொண்ட தந்தைக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. ஐந்து முறைகூட அழைக்காதவர் ஹதீஸின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், முன்பாதியை அவர் என்ன செய்தார்?

அதிலும் ஹனபீ பிக்ஹு நூல்கள் எல்லை வகுத்திருக்கின்றன. கையால்தான், கோலால் அன்று. மூன்றுக்கு மேல் கூடாது. பேசப்படுவதும் தொழுகையைப் பற்றியே. செருப்பு கலைந்து கிடந்ததற்கும், பாடம் மறந்ததற்கும் பிரம்பெடுக்க அந்த ஹதீஸில் இடம் தேடக் கூடாது. நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலால் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் பள்ளிக்கூடங்களில் தடை செய்திருக்கிறது. 2012-இல் வந்த திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்திலிருந்து விலக்கியது உண்மை. ஆனால் சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் தக்வா இருக்கிறதா என்று தெரியும். கடுமையாக நடத்தப்படும் பிள்ளை, அடிக்குப் பயந்து பொய்யையும் சூதையும் கற்றுக்கொள்கிறான் என்று 1406-இல் மறைந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் தமது ‘முகத்திமா’வில் எச்சரித்திருக்கிறார்கள்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வழியில் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டு அவர் நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால், நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ் (முஸ்லிம்). வேலையும் நடந்தது, பிள்ளையின் முகமும் வாடவில்லை.

நாம் செய்யக் கூடியது

பாட்டனார் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள், பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: “அன்றைக்குத் தவறு அவனுடையதன்று. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தவறு என்னுடையது.” எல்லோர் முன்னிலையிலும் செய்த அநீதியைத் தனியே போய்ச் சரிசெய்தால் கணக்கு நேராகாது. பிறகு மஃரிபு பாங்கின்போது செய்ய வேண்டியதை நானே செய்து காட்டினேன். ஆயத்தை முடித்து நிறுத்துவது, ஜுஸ்வை மூடுவது, பலகையோடு அலமாரியில் வைப்பது, பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்து ஹவுளுக்குப் போவது, ஒளுச் செய்து ஸஃப்பில் சிறியவனுக்கு இடம் விட்டு நிற்பது. ஐந்தே காரியங்கள். பாங்கு இல்லாத நேரத்திலும் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தோம். தவறியவனை ஏசவில்லை, “திரும்பப் போய் முறையாகச் செய்துவிட்டு வா” என்பேன். சரியாகத் தொழாத மனிதரைத் திரும்பத் தொழச் சொல்லி, எனக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னதும் ஒவ்வொன்றாகக் கற்பித்த நபிவழி (புகாரீ, முஸ்லிம்) எனக்கு அதில் துணையாயிற்று.

வீடுகளிலும் இதைச் செய்யலாம். ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கூடம் சேரும் பிள்ளைக்கு எல்லாமே மாறுகிறது. ஒரே டீச்சர் இருந்த இடத்தில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார். மணிக்கு மணி புத்தகம் மாறுகிறது. இரவே பையை அடுக்கி வைப்பது எப்படி என்று ஒரு வாரம் அவனோடு உட்கார்ந்து அடுக்குங்கள். சுப்ஹுக்கு எழ வேண்டுமானால் இரவு எப்போது படுக்க வேண்டும் என்பதை அவனோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதற்குப் பின் வீண் பேச்சையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிவிட்டு, நள்ளிரவு வரை நம் கையில் செல்போன் ஒளிர்ந்துகொண்டிருந்தால், பிள்ளை நம் சொல்லைப் பின்பற்றுவானா, ஒளியைப் பின்பற்றுவானா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவது என்பது ஹதீஸ். ஒன்று வேரூன்றிய பின் அடுத்தது. ஒருமுறை தவறினால் காணாதது போல் விடுங்கள், மறுமுறை தவறினால் தனியே கண்டியுங்கள், ஓயாமல் ஏசினால் ஏச்சுக்கு மதிப்பு போய்விடும் என்கிறார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடுங்கள், விளையாட்டைத் தடுத்தால் அவன் உள்ளம் செத்துவிடும் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

அந்தப் பிள்ளை மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது எட்டாம் வகுப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஜுஸ்வை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுப்பது அவன் பொறுப்பு. இன்றும் சில நாள் அவனே மறந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போய் எடுத்து வைக்கிறான். நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிடுகிறேன். யாரும் சொல்லாமல் திரும்பிப் போகிறானே, அது போதும்.

பெற்றோர்களே! உஸ்தாதுமார்களே! நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்கப்படுவோம் என்பது நபிமொழி. நாளை மஹ்ஷரில் பிள்ளையின் முன்னிலையில் நாம் விசாரிக்கப்படும்போது, “இவன் ஒழுங்காக இல்லை” என்பது நமக்கு விடையாகாது. “நீ சொல்லிக் கொடுத்தாயா?” என்னும் கேள்வி அதற்கு முன்பே வந்து நிற்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்கி, அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் பொறுமையையும், நம் தவறை ஒப்புக்கொள்ளும் பணிவையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.